மூன்றாம் ஹோல்டும் அரைக் கிலோ மாக்ரூனும்

கப்பல் சரக்குச் சர்வேயராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த எனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. எந்தக் கப்பலையும் நான் முதல் தடவையில் பாஸ் செய்ததில்லை. இதை யாரிடமாவது நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி செண்பகம் பக்கத்திலிருந்து, "அது பெருமையில்ல, சீக்கு" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்ததில் அவள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருப்பதாகப் படுகிறது. (இதை அவளிடம் வாய்மொழியாகத் தெரிவிக்கவில்லை. எழுத்தில் கொடுப்பதும் இதுவே முதல் முறை.)

சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைத்துப் பட்டாவும் கையுமாக என் வீட்டுக்கு வந்தவர்கள் பலர். நான் பார்த்தது நிலத்தை அல்ல, கப்பலின் வயிற்றை. தூத்துக்குடியிலிருந்து மக்காச்சோளம் ஏற்றுமதியாகிறது என்றால், அது வடக்கே எங்கிருந்தோ சரக்கு ரயிலில் மூட்டை மூட்டையாக வரும். ஷெட்டில் அடுக்குவார்கள். கப்பல் வந்ததும் லாரியில் ஏற்றிக் கப்பலடிக்குக் கொண்டுபோய், வலையில் கட்டி மேலே தூக்கி, மூட்டையின் வாயை அறுத்துக் கப்பலின் வயிற்றுக்குள் கொட்டுவார்கள். அந்த வயிற்றுக்குத்தான் ஹோல்டு என்று பெயர். ஐந்து மாடி உயரத்துக்கு ஜன்னலில்லாத ஓர் இரும்பு அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கப்பலுக்கு அதுபோல ஐந்து இருக்கும். போன பயணத்தில் அதே அறையில் நிலக்கரி வந்திருக்கலாம், உரம் வந்திருக்கலாம். இந்தப் பயணத்தில் தின்னும் பொருள் போக வேண்டுமென்றால் ஒருவர் உள்ளே இறங்கிப் பார்த்து, "சுத்தமாக இருக்கிறது, ஈரமில்லை, வாடையில்லை, பூச்சியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை ஒரு மணி சோளம்கூட உள்ளே விழாது.

அந்த ஒருவர் நான். அந்த அதிகாரத்தை நான் எப்படி அனுபவித்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. செண்பகம் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஹோல்டின் சுவரில் யாருக்கும் எட்டாத இடுக்கில் விட்டு ஒரு துடைப்புத் துடைத்து, கறுப்பாக வந்த கைக்குட்டையைக் கப்பல்காரர்களின் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஹார்பரில் எனக்கு 'ஃபெயில் சார்' என்று பெயர். அது வசை என்று தெரியாமல் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லப்போகும் சம்பவம் என் பணிக்காலத்தின் பிற்பகுதியில், ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது.

உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர் தங்கப்பழம் அண்ணாச்சி. பலசரக்குக் கடையில் தொடங்கி, கோழித் தீவன வியாபாரத்துக்கு வந்து, அங்கிருந்து ஏற்றுமதிக்கு எட்டிப் பார்த்தவர். அது அவருடைய முதல் கப்பல். விளாத்திகுளம், புதூர்க் கரிசல் காட்டுச் சோளம் போதாமல் கர்நாடகத்திலிருந்தும் மூன்று சரக்கு ரயில் வரவழைத்திருந்தார். ரயிலுக்கு நாற்பத்திரண்டு பெட்டி. முதல் இரண்டு ரயில் சரக்கும் வந்து ஷெட் கூரை முட்ட நிறைந்துவிட்டது. மூன்றாவது ரயில் சம்பவத்தன்று சாயங்காலம் வந்து நிற்கப்போகிறது. வந்தால் சில மணி நேரத்தில் பெட்டிகளைக் காலி செய்தாக வேண்டும். ரயில் யாருக்காகவும் காத்திருக்காது. கப்பலில் ஏற்றத் தொடங்கிவிட்டால் ஷெட்டில் இடம் பிறக்கும், மூன்றாவது ரயில் சரக்கு உள்ளே போய்விடும். தொடங்காவிட்டால் நாற்பத்திரண்டு பெட்டிச் சோளமும் தண்டவாளத்து ஓரம் வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று காலைச் செய்தியிலேயே சொல்லியிருந்தார்கள். செய்தி சொல்லாவிட்டாலும், கிழக்கே கடலுக்கு மேல் நின்ற கருமேகமே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து இறக்கிய கப்பல் அது. ரயில் வரும் நாளுக்கு முந்தின நாள் வழக்கம்போல ஐந்து ஹோல்டையும் ஃபெயில் செய்தேன். (மூலைகளில் கரித்தூள். அது நியாயமான ஃபெயில்தான்.) மாலுமிகள் விடிய விடியக் கழுவித் துடைத்தார்கள்.

இங்கே மாக்ரூனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருக்கும் என் மச்சான், அதாவது செண்பகத்தின் தம்பி, அரைக் கிலோ மாக்ரூன் கேட்டிருந்தார். முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்து எங்கள் ஊரில் செய்கிற அந்தப் பண்டத்தை வாயில் வைத்தால் கரையும். கையில் பிடித்தால் உதிரும். வாங்கி என் ஆபீஸ் பையில் போட்டிருந்தேன். ரயிலில் கொடுத்தனுப்ப நினைத்த நண்பர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். பை அந்த முந்தின நாள் ராத்திரி அடுப்படி மேடையில் இருந்தது.

"டப்பாவுல போட்டு மூடி வைங்க. எறும்பு வரும்" என்றாள் செண்பகம்.

"பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். பேக்கிங் முறையெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன்.

மாக்ரூனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மறு ஆய்வு. என் பைக்குள் டார்ச், கேமரா, சின்னச் சுத்தியல், பூதக்கண்ணாடி, படிவங்கள். ஹோல்டுக்குள் தின்பண்டமோ வெற்றிலையோ பீடியோ கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அந்த விதியைத் தமிழில் எழுதிக் கப்பலடியில் ஒட்ட வைத்தவனே நான்தான். அன்று காலையும் மூட்டைகளை வலையில் கட்டும் வலைக்காரர் ஒருவரின் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் படியேறினேன்.

என்னோடு வந்தவர் மிக்கேல். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர், திரேஸ்புரத்துக் கிறிஸ்தவர், என் கைக்குட்டையை நூறு தடவைக்கு மேல் பார்த்தவர். கப்பல் தரப்பில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட், பிலிப்பைன்ஸ்காரர், இரவெல்லாம் தூங்காத கண்ணோடு வந்தார்.

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து எல்லாம் கண்ணாடியாக இருந்தன. என்ன செய்தும் குறை அகப்படவில்லை. நான்கிலும் பாஸ் எழுதினேன்.

"சார், ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் மிக்கேல்.

மூன்றாம் ஹோல்டு மிச்சம். அதற்குள் பையைத் தோளில் மாட்டியபடி நான்கு முறை இரும்பேணியில் இறங்கி ஏறியதில் தோள் வலித்தது. கீழே இறங்கியதும் ஏணிக் காலடியில் பையை வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு ஹோல்டைச் சுற்றி வந்தேன். நிதானமாக முக்கால் மணி நேரம். சுவர் சுத்தம், இடுக்கு சுத்தம், கைக்குட்டை வெள்ளை. மனது ஒடிந்துபோய்த் திரும்பும்போது தரையில் அதைக் கண்டேன்.

எறும்பு. ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரு சீரான வரிசை.

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, என் மகள் பிறந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தோடு ஒப்பிட்டால் அது மகளுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் ஒப்பிடத்தான் தோன்றுகிறது.

"உயிருள்ள பூச்சி" என்றேன். ஹோல்டுக்குள் எதைச் சொன்னாலும் மூன்று முறை எதிரொலிக்கும். பூச்சி, பூச்சி, பூச்சி.

மிக்கேல் குனிந்து பார்த்தார். "சார், இது நம்ம பிள்ளையார் எறும்புல்லா."

"மிக்கேல், இந்தக் கப்பல் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. அங்கே பிள்ளையார் கிடையாது."

"இல்ல சார், எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான்..."

"வேதக்காரர் வீட்டில் பிள்ளையார் எறும்புக்கு என்ன வேலை?" என்று வேறு கேட்டேன். (இதை நகைச்சுவை என்று நினைத்தேன். மிக்கேல் சிரிக்கவில்லை.)

பையிலிருந்த பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கப் போகவில்லை. போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெறுங்கண்ணால் பார்த்ததிலேயே சில எறும்புகள் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. முட்டை என்று முடிவு செய்தேன்.

சீஃப் மேட் ஆங்கிலத்தில் கெஞ்சினார். "ஆறு மாதமாக இந்தக் கப்பலில் இருக்கிறேன். ஓர் எறும்பைக்கூடப் பார்த்ததில்லை."

"அதற்குத்தான் சர்வேயர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

பையைத் தோளில் மாட்டக்கூடத் தோன்றாமல், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். டெக்கில் நின்றபடியே மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் ஹோல்டு ஃபெயில். காரணம்: அயல்நாட்டு எறும்பினம், முட்டைகளுடன், இனப்பெருக்கம் செய்யும் நிலையில் குடியேறியுள்ளது. நடவடிக்கை: கப்பல் தான் நிற்கும் பெர்த்தை விட்டு வெளியேறி, நடுக்கடலில் புகை மருந்து போட்டு, மறு ஆய்வுக்குத் திரும்ப வேண்டும். விற்பவர், வாங்குபவர், எங்கள் தலைமை அலுவலகம் என்று பதினேழு முகவரிக்கு அது போனது. பதினேழாவது முகவரி யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருக்கட்டும் என்று போட்டேன்.

கால் மணி நேரத்தில் தங்கப்பழம் அண்ணாச்சி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் விதிப் புத்தகத்தின் பக்க எண்ணோடு தயாராக இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. கப்பலடியில் நின்று வானத்தை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"புகை மருந்துன்னா எத்தன நாளு சார்?"

"போய், மருந்து போட்டு, காற்றாட விட்டு, மறுபடி பெர்த் கிடைத்து வர மூன்று நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம்."

"சாயங்காலம் ரயிலு வந்துரும். ஷெட்டுல கால் வைக்க எடமில்ல. ஒரு மழை பேஞ்சுதுன்னா அது மக்காச்சோளம் இல்ல சார், மொளப்பாரி."

"புரிகிறது அண்ணாச்சி. ஆனால் எறும்பு இருக்கிறதே."

"நான் இத்தன வருசமா பலசரக்குக் கடை வச்சிருக்கேன். எறும்பு இல்லாத கடையப் பாத்ததில்ல. எறும்பு வந்தாத்தான் சீனி நல்ல சீனிம்பாக."

"கப்பல் கடையில்லை அண்ணாச்சி. ரூல்னா ரூல்தான்."

அவர் சரக்கு ரயில் வரும் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரிசல்காட்டு விவசாயிகள் பலர் அவர் வாய்ச்சொல்லை நம்பிச் சோளம் போட்டிருந்தார்கள் என்று மிக்கேல் என் காதில் சொன்னார். இந்தக் கப்பல் தவறினால் அடுத்த வருடம் அவரை நம்பி ஒரு மூட்டை வராது. அப்போதும் நான், "அது ஆய்வின் வரம்புக்குள் வராது, மிக்கேல்" என்றேன். இப்படியெல்லாம் பேசிய வாயோடுதான் இத்தனை காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூச்சி என்று எழுதிவிட்டால், பயிர்ப் பூச்சிகளைப் பார்க்கும் அரசு அதிகாரியும் வந்து உறுதிப்படுத்த வேண்டும். அதுவும் விதி. மதியத்துக்கு மேல் அந்த மேடம் வந்தார். பூச்சியியல் படித்தவர், ஊருக்குப் புதியவர், அதிகம் பேசாதவர். நான் ஏணியில் இறங்கும்போதே ஆப்பிரிக்க எறும்புகளால் நம் விவசாயத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளை அவருக்கு விளக்கிக்கொண்டே இறங்கினேன். அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

மேலே ஹோல்டின் திறந்த வாயைச் சுற்றி, மாலுமிகள், வலைக்காரர்கள், கிரேன் டிரைவர் என்று முப்பது தலைகள் எட்டிப் பார்த்தன. மாதா கோயில் திருவிழாவில் மரணக் கிணறு பார்ப்பதற்கு இப்படித்தான் நிற்பார்கள்.

மேடம் மண்டியிட்டு வரிசையைப் பார்த்தார். ஓர் எறும்பை விரல் நுனியில் ஏற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சார், எறும்பு வரிசைக்கு ரெண்டு முனை உண்டு. ஒண்ணு புறப்படுற இடம், ஒண்ணு போற இடம். நீங்க எந்த முனையைப் பார்த்தீங்க?"

"போட்டோ எடுத்தேன்" என்றேன்.

"நடுவுல?"

"நடுவில்."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசையின் பின்னாலேயே குனிந்து நடந்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் சீஃப் மேட், மிக்கேல். ஒரு மூலையில் தண்ணீர் வடியும் குழிக்குப் போவது ஒரு முனை. அங்கே ஒன்றுமில்லை, கொஞ்சம் ஈரம் மட்டும். திரும்பி மறுமுனையைப் பிடித்தோம். வரிசை சுவரோரமாக வந்து, ஏணியை நோக்கித் திரும்பி, ஏணிக் காலடியில் காலையிலிருந்து அநாதையாகக் கிடந்த ஒரு கறுப்புப் பையின் வாரில் ஏறி, ஜிப்பின் இடைவெளி வழியாக உள்ளே போய்விட்டது.

"இது யார் பை?" என்று கேட்டார் மேடம்.

பை, பை, பை என்றது ஹோல்டு.

பதில் தேவைப்படவில்லை. பையின் மேல் என் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தன. (அடையாளமில்லாத பையோடு யாரும் கப்பலேறக் கூடாது. அந்த விதியும் நான் கொண்டுவந்ததுதான்.)

மிக்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், மொதல்ல ஒங்க பையப் பாருங்க" என்றார், மிக மரியாதையாக.

ஜிப்பைத் திறந்தேன். எங்கள் வீட்டு அடுப்படியின் மொத்தக் குடித்தனமும் அங்கே இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டது போட்டபடி இருந்தது. எறும்புகள் மடிப்பின் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தன. வெள்ளை முட்டை என்று நான் எழுதியது உதிர்ந்த மாக்ரூன்.

"மாக்ரூன்" என்றேன், உள்ளுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

க்ரூன், ரூன், ஊன் என்று அது மேலே போய்ச் சேர்ந்தது. பிறகு முப்பது பேரும் சிரித்த சிரிப்பு இரும்புச் சுவரில் மோதித் திரும்பி மோதி, நூறு பேர் சிரிப்பாகக் கீழே வந்து என் தலையில் கொட்டியது. வெற்றிலைப் பொட்டலத்தைப் பறிகொடுத்த வலைக்காரரின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. இப்போதும் எனக்கு அதை அடையாளம் தெரியும்.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் விதி பேசினேன். "எப்படி வந்திருந்தாலும் பூச்சி பூச்சிதான். எழுதியது எழுதியதுதான். புகை மருந்து..."

"சார்" என்றார் மேடம். "இந்த எறும்பு சோளத்தைத் தின்னாது. கப்பலோடதும் இல்லை, சரக்கோடதும் இல்லை. எல்லாத்தையும் வெளியேத்திட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு நான் பார்க்கிறப்ப ஒண்ணுகூட இல்லைன்னா பாஸ் பண்ணலாம். உங்க விதிப் புத்தகத்துலயே பின்னிணைப்புல இருக்கு."

விதிப் புத்தகத்தில் எனக்குத் தெரியாத ஒன்றை முதன்முதலாக ஒருவர் காட்டினார். பின்னிணைப்பை நான் படித்ததில்லை. பின்னிணைப்பெல்லாம் பாஸ் செய்கிறவர்களுக்கு என்று விட்டுவிட்டேன்.

சேதி மேலே போனதும் ஏணியில் ஒரு வெள்ளை வேட்டி இறங்குவது தெரிந்தது. மடித்துக் கட்டிக்கொண்டு தங்கப்பழம் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஹெல்மெட் இல்லாமல் ஹோல்டுக்குள் இறங்கக் கூடாது" என்றேன், பழக்க தோஷத்தில்.

பாதி ஏணியில் நின்று என்னைப் பார்த்தார். "இப்பவுமா சார்?"

மிக்கேல் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். கீழே வந்த அண்ணாச்சி, மூட்டை விலை பார்ப்பவர் போல எறும்பு வரிசையை ஒரு நோட்டம் விட்டார். "வெளக்குமாத்தால பெருக்கப்புடாது. செதறிப் போயிரும், அப்பறம் நாலு நாளைக்கு ஒண்ணொண்ணா வரும். இனிப்புதான் கூட்டியாந்துச்சு, இனிப்பே கூட்டிட்டுப் போவட்டும். அந்த மாக்ரூன இங்கன கொண்டாங்க."

பிறகு நடந்ததைப் போல ஓர் ஆய்வை எந்தத் துறைமுகமும் கண்டிருக்காது. பையை அப்படியே ஒரு தார்ப்பாயில் சுற்றி மேலே ஏற்றினார்கள். நல்ல மாக்ரூனாகப் பார்த்து எடுத்து நொறுக்கி, எட்டு இடத்தில் காகிதம் விரித்து வைத்தார் அண்ணாச்சி. ஒன்பதாவது இடத்துக்குக் காகிதம் போதவில்லை.

"ஒங்க கைக்குட்ட இருக்குல்லா சார்?"

கொடுத்தேன். இத்தனை வருடம் கப்பல்காரர்களை மிரட்டிய அந்த வெள்ளைக் கைக்குட்டை, நடு ஹோல்டில் மாக்ரூன் தூளோடு மல்லாந்து கிடந்தது. நாங்கள் ஐந்து பேரும் சுவரோரம் குந்தி உட்கார்ந்து சத்தம் போடாமல் காத்திருந்தோம். எறும்புகளுக்கு அன்று நல்ல பசி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காகிதங்களை எடுத்து வாளிக்குள் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ஒவ்வொரு வாளிக்கும் மேலே கைதட்டல்.

"மொதக் கப்பலு. ஒண்ணையும் கொல்லாதிய. ஷெட்டுக்கு அங்கிட்டு மண்ணுல விடுங்க" என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தார் அண்ணாச்சி.

இதற்கிடையில் சீஃப் மேட், எறும்பு படாத ஒரு மாக்ரூனை எடுத்து மோந்து பார்த்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். அடுத்து ஒன்று எடுத்தார். "இதற்காக என்னை ஃபெயில் செய்திருந்தால் தவறில்லை" என்றார். ஹோல்டுக்குள் தின்பது விதிக்குப் புறம்பானது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் வேறு பக்கம் பார்த்தது அதுவே முதல் முறை. அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மேடம் மூலை மூலையாகப் பார்த்தார். மற்ற நான்கு ஹோல்டையும் பார்த்தார். எங்கும் ஓர் எறும்பு இல்லை. இனிச் சான்றிதழ். முதலில் அனுப்பிய ஃபெயிலை ரத்து செய்யக் காரணம் எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'வெளியிலிருந்து தற்செயலாக நுழைந்தவை.'

"எந்த வெளியிலிருந்து?" என்றார் மேடம்.

'தனிநபர் உடைமை ஒன்றிலிருந்து' என்று சேர்த்தேன்.

"எந்தத் தனிநபர்?"

'ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர்.'

"குழுவுல நீங்க ஒருத்தர்தானே சார்?"

கடைசியில் அவர் கையெழுத்துப் போடச் சம்மதித்த வாசகம் இது: 'எறும்புகளின் மூலம்: சர்வேயரின் பையிலிருந்த மாக்ரூன், அரைக் கிலோ.' அதே பதினேழு முகவரிக்கு அதுவும் போனது. ஒரு மணி நேரத்தில் வாங்குபவரின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து பதில் கேள்வி வந்தது. மாக்ரூன் என்ற பூச்சி தங்கள் நாட்டுத் தடைப் பட்டியலில் இல்லை, அது சோளத்தைத் தாக்குமா என்று உடனே தெரிவிக்கவும்.

அந்தி சாய்வதற்குள் மூன்றாம் ஹோல்டின் மேல் முதல் வலை தூக்கப்பட்டது. மூட்டையின் வாயை அறுத்ததும் மஞ்சளாகச் சோளம் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தொலைவில் ரயில் இஞ்சினின் ஊதல் கேட்டது. ஷெட்டின் ஒரு பக்கத்திலிருந்து லாரிகள் மூட்டைகளைக் கப்பலடிக்கு எடுத்துப்போக, மறுபக்கத்தில் ரயில் மூட்டைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. மழை மறுநாள் மதியம்தான் வந்தது. கப்பலின் மூடிகளைச் சாத்திவிட்டு எல்லாரும் ஷெட் வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தோம். ஒரு மூட்டை நனையவில்லை. அண்ணாச்சி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு நீட்டும்போது மட்டும், "சீனி போடலாமா சார்?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பிறகு எங்கள் நிறுவனத்தின் ஆய்வுப் படிவத்தில் ஒரு வரி கூடியது: 'சர்வேயர் தின்பண்டம் ஏதும் வைத்துள்ளாரா? ஆம் / இல்லை.' எந்தெந்தத் துறைமுகத்திலோ யார் யாரோ இன்றும் அதில் டிக் அடிக்கிறார்கள். நான் கப்பல்களை முதல் தடவையில் பாஸ் செய்யத் தொடங்கினேனா என்றால், இல்லை. ஆனால் ஃபெயில் போடும் முன்பு வரிசையின் இரண்டு முனையையும் பார்க்கத் தொடங்கினேன். அதில் பல ஃபெயில்கள் காணாமல் போய்விட்டன.

வீட்டு நிலவரம்தான் மோசம். மிக்கேல் சொன்ன அந்த ஒரு வாக்கியம் யார் மூலமாகவோ என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கரண்ட் பில் கூடிவிட்டது, மோட்டாரை யார் நிறுத்தவில்லை என்று நான் விசாரணை தொடங்கினால் போதும், செண்பகம் தலையைக்கூடத் தூக்காமல், "மொதல்ல ஒங்க பையப் பாருங்க" என்பாள். மகள் போனில் சொல்வாள். சென்னை மச்சான், வராமல் போன அரைக் கிலோவுக்கு வட்டியாக, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பந்தியில் வைத்துச் சொல்வார். நூற்றுக்கு எண்பது தடவை நானேதான் மோட்டாரை நிறுத்தாமல் விட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

போன மாதம் நானும் செண்பகமும் துறைமுகச் சாலையில் ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவருடைய தார்ப்பாய்க் கயிற்றைக் காணோம், நீதான் எடுத்தாய் என்று சண்டை. மற்றவர் அலட்டிக்கொள்ளாமல் டீயை ஆற்றியபடி, "ஏலே, மொதல்ல ஒம் பையப் பாருலே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது என்ன பழமொழி தம்பி, எங்கேயும் கேட்டதில்லையே" என்றேன்.

"அது ஹார்பர்ல எல்லாரும் சொல்லுதது அண்ணாச்சி. முன்னாடி இங்கன ஒரு ஆபீசரு இருந்தாராம். பையில கருவாட்ட வச்சுக்கிட்டுக் கப்பலுக்குள்ள எறங்கி, கப்பலு நாறுதுன்னு எழுதிக் குடுத்துட்டாராம். கப்பலு அப்படியே திரும்பிப் போயிட்டு. அவருக்கு வேலையும் போயிட்டு."

கருவாடு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை. "கருவாடு இல்லை, மாக்ரூன். நாற்றம் இல்லை, எறும்பு. கப்பல் திரும்பிப் போகவில்லை. எட்டாம் நாள் முழுச் சரக்கோடு போனது. வேலையும் போகவில்லை. வயதாகி முறைப்படிதான் ஓய்வு பெற்றார்" என்றேன்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பக்கத்துல நின்னு பாத்தமாதிரில்லா சொல்லுதிய?"

செண்பகம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். "பக்கத்துல என்ன, அந்தப் பையே இவுகளுதுதான்" என்றாள்.